ஸ்டெபிலைசரால் வீங்கும் பிரீமியர் புராஜெக்ட் ஃபைல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடோபி பிரீமியர் ப்ரோவில் எடிட் செய்பவர்கள், அதிலும் கல்யாண வீடியோ, ஆவணப்படம் என்று கையில் கேமராவைப் பிடித்து எடுத்த ஃபுட்டேஜோடு மல்லுக்கட்டுபவர்கள், என்றாவது ஒருநாள் இந்தச் சிக்கலுக்கு வந்து சேர்வார்கள். ஆடும் ஷாட்டுகளின் ஆட்டத்தை எடுக்கும் ‘வார்ப் ஸ்டெபிலைசர்’ எஃபெக்ட்டைப் போடப் போட புராஜெக்ட் ஃபைல் கனத்துக்கொண்டே போகும். திறக்க நேரமாகும், சேவ் ஆக நேரமாகும், டெலிவரிக்கு முந்தைய இரவில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எடிட்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

வீடியோ எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் தனியாகத்தானே இருக்கிறது? புராஜெக்ட் ஃபைல் எப்படி நூற்றுக்கணக்கான எம்பி ஆகும்?

புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது என்பது சரிதான். எந்த கிளிப் எங்கே இருக்கிறது, அதில் எந்த ஃபிரேமிலிருந்து எந்த ஃபிரேம் வரை எடுத்திருக்கிறீர்கள், அதன்மேல் என்னென்ன எஃபெக்ட் போட்டிருக்கிறீர்கள் என்ற குறிப்புகள்தான் அதில் இருக்கும். இந்தக் குறிப்புகளை பிரீமியர் எக்ஸ்எம்எல் எழுத்தாக எழுதி, ஜிஜிப் முறையில் சுருக்கி வைக்கிறது. எழுத்து நன்றாகச் சுருங்கும். அதனால் முழு கல்யாண எடிட்கூட சில எம்பியில், மிஞ்சினால் சில பத்து எம்பியில் அடங்கிவிடும்.

பெரும்பாலான எஃபெக்ட்டுகளுக்குச் சில எண்கள் போதும். பிளர் இவ்வளவு, ஒளி இவ்வளவு என்று எழுதிவைத்தால் முடிந்தது. வார்ப் ஸ்டெபிலைசர் அப்படியில்லை. அது முதலில் ஷாட்டை ஃபிரேம் ஃபிரேமாக ஆராய்கிறது. ‘அனலைசிங்’ என்று நீலப் பட்டை ஓடுவது அப்போதுதான். அந்த ஆய்வில் கிடைக்கும் விவரம் முழுவதையும் எஃபெக்ட்டோடு சேர்த்து புராஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. தனி ஃபைலிலோ மீடியா கேச்சிலோ அது வைப்பதில்லை. வீக்கத்துக்கு மூலகாரணம் இதுதான்.

அந்த விவரத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்த எஃபெக்ட் 2011-ல் அடோபியின் இன்னொரு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் சிஎஸ்5.5 பதிப்பில் வந்தது. அடுத்த ஆண்டு சிஎஸ்6-ல் பிரீமியருக்கும் வந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் முறையை விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அடோபி ஆய்வாளர்களும் சேர்ந்து 2011-ல் வெளியிட்டார்கள். படத்தில் எளிதாக அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைத் தேடிப் பிடிப்பது முதல் வேலை. தூணின் விளிம்பு, சட்டைப் பொத்தான், பந்தல் துணியின் மடிப்பு என்று எதுவாகவும் அது இருக்கலாம். அப்புறம் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த ஃபிரேமில் எங்கே போனது, அதற்கடுத்ததில் எங்கே என்று தொடர்ந்து போகிறது. இப்படிக் கிடைக்கும் ஏராளமான பாதைகளை ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான், கேமரா எப்படி நகர்ந்திருந்தால் கண்ணுக்கு இதமாக இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறது.

தாலி கட்டும் ஷாட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வினாடி, 25 ஃபிரேம் கணக்கில் 200 ஃபிரேம். கூட்டம் நெருக்க, கேமராக்காரர் தோளுக்குமேல் கையைத் தூக்கிப் பிடித்து எடுத்தது. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏகப்பட்ட புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் கிடைமட்ட, செங்குத்து இடங்கள். இந்த இருமத் தகவலை எக்ஸ்எம்எல்லுக்குள் அடைக்க எழுத்தாக மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தில் மூன்று பைட் நான்கு எழுத்தாகிவிடும். சாதாரணக் குறிப்புகளைப் போல இது ஜிஜிப்பில் நன்றாகச் சுருங்குவதும் இல்லை. இப்படி நாற்பது, ஐம்பது ஷாட் சேர்ந்தால் ஃபைல் எங்கே போய் நிற்கும் என்பது புரியும்.

என் புராஜெக்ட் கனப்பதற்கு ஸ்டெபிலைசர்தான் காரணம் என்று எப்படி உறுதிசெய்வது?

‘சேவ் அ காப்பி’ கொடுத்து ஒரு நகல் எடுங்கள். அந்த நகலைத் திறந்து, எல்லா சீக்வென்ஸிலும் (டைம்லைனில் வெட்டி அடுக்கிய ஒவ்வொரு எடிட்டும் ஒரு சீக்வென்ஸ்) எல்லா கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, ‘ரிமூவ் ஆட்ரிபியூட்ஸ்’ வழியாக வார்ப் ஸ்டெபிலைசரை மட்டும் நீக்கிச் சேவ் செய்யுங்கள். இரண்டு ஃபைலின் அளவையும் ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும்.

திறக்கவே முடியாத நிலை என்றால் வேறு வழி. ஃபைலின் நகலை 7-ஜிப் போன்ற மென்பொருளில் திறந்து விரித்தால் உள்ளே இருக்கும் எக்ஸ்எம்எல் வெளியே வரும். பெரிய ஃபைல்களைத் தாங்கும் எழுத்துப் பதிப்பானில் அதைத் திறந்து, ‘சப்ஸ்பேஸ்ஸ்டெபிலைசர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தேடுங்கள். வார்ப் ஸ்டெபிலைசருக்கு மென்பொருளுக்குள் வைத்த பெயர் அதுதான். எத்தனை இடத்தில் அகப்படுகிறதோ, அத்தனை இடத்தில் அந்த எஃபெக்ட் உட்கார்ந்திருக்கிறது. டைம்லைனில் பத்துதான் போட்டேன் என்று நினைத்திருப்பீர்கள், தேடினால் அதைப்போலப் பல மடங்கு வரும். ஏன் என்பது கீழே.

விரித்த எக்ஸ்எம்எல்லில் கை வைத்து வெட்டித் திருத்த வேண்டாம். உள்ளே ஒன்றையொன்று எண்ணால் சுட்டும் பகுதிகள் நிறைய. ஒன்றைத் தப்பாக எடுத்தாலும் புராஜெக்ட் போய்விடும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கில்தான் நிறைய இடம் இருக்கிறதே. ஃபைல் பெரிதாக இருந்தால் என்ன?

இடம் ஒரு பிரச்சினையே இல்லை. புராஜெக்ட்டைத் திறக்கும்போது பிரீமியர் அந்த ஃபைல் முழுவதையும் விரித்துப் படித்து நினைவகத்தில் ஏற்றுகிறது. சேவ் செய்யும்போது முழுவதையும் மறுபடி எழுதுகிறது. ஒரே ஒரு கட் மாற்றினாலும் அதே கதைதான். ஆட்டோசேவ் ஓடும் ஒவ்வொரு முறையும் வேலை தடைபடும். எடிட்டின் தாளம் பிடிபட்டு, இசைக்கு ஏற்ப வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் திரை உறைந்து நின்றால் அந்த ஓட்டம் திரும்பி வர வெகு நேரமாகும். எடிட்டருக்கு உண்மையான இழப்பு அங்கேதான்.

ஆட்டோசேவ் நகல்கள் இன்னொரு தொல்லை. 300 எம்பி ஃபைலுக்கு 20 நகல் வைக்கச் சொல்லியிருந்தால் அதற்கு மட்டும் 6 ஜிபி.  எரிச்சலில் சிலர் ஆட்டோசேவையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள், நகல்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், போதும்.

எஃப்எக்ஸ் பொத்தானை அமுக்கி எஃபெக்ட்டை ஆஃப் செய்துவைத்தால் ஃபைல் குறையுமா?

குறையாது. ஆஃப் செய்தால் படத்தில் விளைவு தெரியாது, ஆய்வு விவரம் அப்படியே இருக்கும். மறுபடி ஆன் செய்தவுடன் ஆய்வு இல்லாமலே வேலை செய்கிறதே, அதுவே சாட்சி. எஃபெக்ட்டை நீக்கினால்தான் விவரமும் போகும்.

ஸ்மூத்னெஸைக் குறைத்தால், மெதடை மாற்றினால்?

பலன் இருக்காது. ஸ்டெபிலைசரின் வேலை இரண்டு கட்டம். நீலப் பட்டையோடு ஆய்வு, அதன்பின் ஆரஞ்சுப் பட்டையோடு நிலைப்படுத்தல். ஸ்மூத்னெஸ் 50-லிருந்து 10-க்கு வந்தாலும், ‘சப்ஸ்பேஸ் வார்ப்’பிலிருந்து வெறும் ‘பொசிஷ’னுக்கு மாறினாலும் இரண்டாவது கட்டம் மட்டும்தான் திரும்ப ஓடும். கனமான பகுதி முதல் கட்டத்தில் சேர்ந்தது. இந்த மாற்றங்களால் அது தொடப்படுவதே இல்லை.

ஆனால் படத்தின் தரத்துக்கு இந்த இரண்டும் மிக முக்கியம். ஸ்மூத்னெஸ் 50 என்பது பல ஷாட்டுக்கு அதிகம். மண்டபத்துத் தூண்கள் ஜெல்லி மாதிரி நெளிந்தால், ஸ்மூத்னெஸை 10-க்குக் கீழே கொண்டுவந்து, மெதடை ‘பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன்’ என்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நெளிவு போய்விடும்.

‘டீடெய்ல்டு அனாலிசிஸ்’ டிக் செய்யலாமா?

அவசியம் இருந்தால் மட்டும். அந்த டிக்கைப் போட்டால் அடுத்த ஆய்வில் இன்னும் கூடுதலான புள்ளிகளைத் தேடும். அதனால் விவரம் மிகப் பெரிதாகும், வேகமும் குறையும் என்று அடோபியே தன் உதவிக் குறிப்பில் சொல்கிறது. புராஜெக்ட்டை வேகமாக வீங்க வைப்பதில் இந்தச் சின்ன டிக்குக்குத்தான் முதலிடம்.

எங்கே அவசியம்? அட்சதை போடும் ஷாட் நல்ல உதாரணம். லென்ஸுக்கு மிக அருகில் அரிசியும் பூவும் பறக்கும், குறுக்கே கைகள் நீளும். சாதாரண ஆய்வு அந்தப் பறக்கும் பொருள்களையே பிடித்துக்கொண்டு, மணமக்கள் இருக்கும் பின்னணியை ஆட்டிவிடும். அப்படிப்பட்ட ஷாட்டுக்குக் கூடுதல் புள்ளிகள் கைகொடுக்கும். அமைதியான ஷாட்டுகளுக்கு அது வேண்டவே வேண்டாம். இந்த டிக்கோடு ஒரு ப்ரீசெட் சேமித்துவைத்து எல்லா ஷாட்டுக்கும் இழுத்துப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால், டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அனலைஸ் செய்ய வேண்டும். டிக்கை மட்டும் எடுப்பதால் பழைய விவரம் சுருங்காது.

டைம்லைனில் எல்லா ஸ்டெபிலைசரையும் நீக்கிவிட்டேன். ஆனாலும் ஃபைல் அப்படியே இருக்கிறதே?

நீங்கள் பார்த்த டைம்லைனில் நீக்கியிருப்பீர்கள். புராஜெக்ட் பேனலில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘கிளையண்ட் கரெக்ஷன்’, ‘ஃபைனல் ஓகே’ என்று வரிசையாக சீக்வென்ஸ் நகல்கள் இருக்கின்றனவா பாருங்கள். சீக்வென்ஸை டூப்ளிகேட் செய்யும்போது கிளிப்போடு எஃபெக்ட்டும், எஃபெக்ட்டோடு அதன் விவரமும் கூடவே போகும். ஒவ்வொரு நகலிலும் ஷாட்டின் நீளத்தை மாற்றி மறுபடி அனலைஸ் செய்திருந்தால், பழைய சீக்வென்ஸில் பழைய ஆய்வும் புதியதில் புதிய ஆய்வுமாகத் தனித்தனியே கிடக்கும். புதியதில் மட்டும் நீக்கினால் பழையவை ஃபைலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

நெஸ்ட்டுகளுக்குள்ளும் தேடுங்கள். நெஸ்ட் என்பதும் ஒரு சீக்வென்ஸ்தான், இன்னொரு சீக்வென்ஸுக்குள் ஒரே கிளிப் போல உட்கார்ந்திருக்கும். டைம்லைனில் இருந்த துண்டை எப்போதோ தூக்கிப் போட்டிருந்தாலும், அந்த நெஸ்ட் புராஜெக்ட் பேனலில் ஏதாவது ஒரு ‘பின்’ என்ற ஃபோல்டருக்குள் உயிரோடு இருக்கும்.

பழைய சீக்வென்ஸ்களை அழிக்க மனம் வராது, நியாயம்தான். கிளையண்ட் “முதல் தடவை காட்டினீங்களே, அதுவே நல்லா இருந்துச்சு” என்று சொல்லும் நாள் வரத்தான் செய்யும். அதற்கு வழி, ஒவ்வொரு கட்டத்திலும் புராஜெக்ட்டையே தேதியிட்ட பெயரில் ‘சேவ் ஆஸ்’ செய்து, புதிய ஃபைலில் பழைய சீக்வென்ஸ்களை அழித்துவிடுவது. பழைய ஃபைல் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், இன்று வேலை செய்யும் ஃபைல் லேசாக இருக்கும்.

சரி, நிரந்தரத் தீர்வு என்ன?

நிலைப்படுத்திய ஷாட்டைத் தனி வீடியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, அதைக் கொண்டுவந்து டைம்லைனில் வைப்பதுதான். எஃபெக்ட்டை உயிரோடு விட்டுவைக்காமல், ஒருமுறை வேலையை முடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். எந்த அளவு புராஜெக்ட்டுக்கும் இது பொருந்தும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

முதலில் எடிட் உறுதியாகட்டும். எந்த ஷாட் நிற்கும், எது போகும் என்று தெரியாத நிலையில் ஸ்டெபிலைசர் போடுவது வீண் வேலை. ரஃப் கட்டில் ஆட்டத்தோடே பார்த்துப் பழகுங்கள். ‘இந்த ஷாட் நிற்குமா, நிற்காதா’ என்பது ஸ்டெபிலைஸ் ஆவதைப் பொறுத்தது என்றால், போட்டுப் பார்த்துவிட்டு உடனே நீக்கிவிடலாம்.

கட் உறுதியானதும், ஸ்டெபிலைஸ் வேலைக்கென்றே தனியாக ஒரு புராஜெக்ட் திறந்துகொள்ளுங்கள். தேவையான ஷாட்டை அதில் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் ஒரு வினாடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள். டைம்லைனில் வெட்டிவைத்த பகுதியை மட்டும்தான் எஃபெக்ட் ஆராயும். அதனால் ஐந்து நிமிட கிளிப்பை முழுதாக வைத்து எஃபெக்ட் போட்டுவிட்டு அப்புறம் வெட்டக் கூடாது. முதலில் வெட்டு, பிறகு எஃபெக்ட். கூடுதலாக விட்ட அந்த ஒரு வினாடி, பின்னால் டிஸால்வ் வைக்கவும் கட்டை இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளவும் உதவும்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது கலர் வேலை எதுவும் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரீமியரின் கலர் கருவியான லுமெட்ரி டைம்லைனிலேயே இருக்கட்டும், நாளை கலர் மாற்றச் சொன்னால் அங்கே மாற்றலாம். மூல ஃபுட்டேஜ் 4கே, டெலிவரி எச்டி என்றால் 4கே அளவிலேயே ஸ்டெபிலைஸ் செய்து 4கே-யாகவே எடுங்கள். படத்தைப் பெரிதாக்கும் ‘ஆட்டோ ஸ்கேல்’ ஓரங்களைத் தின்றதுபோக, ஃபிரேமை நகர்த்த இன்னும் இடம் மிச்சமிருக்கும். லாக் ஃபுட்டேஜ் (பின்னால் கலர் செய்வதற்காக வெளிறிய நிறத்தில் எடுப்பது) என்றால் 10-பிட் கோடெக் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறை) கட்டாயம். 8-பிட்டில் எடுத்துவிட்டுக் கலர் செய்தால் வானத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாகத் தெரியும்.

பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. எக்ஸ்போர்ட் ஆன ஃபைலில் மூல கிளிப்பின் டைம்கோடு இருக்காது, ஸ்டெபிலைஸ் செய்த சீக்வென்ஸின் டைம்கோடுதான் இருக்கும். நாளைக்கு மூலத்தைத் தேடிப் போகப் பெயர் ஒன்றுதான் துணை. மூல கிளிப்பின் பெயரை அப்படியே வைத்து, கடைசியில் ‘ஸ்டெப்’ என்று சேர்த்துவிடுங்கள்.

பிறகு முதன்மை புராஜெக்ட்டுக்கு வந்து, அசல் ஷாட்டுக்கு மேல் டிராக்கில் இந்தப் புதிய ஃபைலை ஃபிரேம் பிசகாமல் பொருத்துங்கள். ஆடியோ அசலிலிருந்தே வரட்டும். கீழே இருக்கும் அசலின் படத்தை மட்டும் ‘எனேபிள்’ டிக்கை எடுத்து அணைத்துவிடுங்கள், அழிக்க வேண்டாம். அதன்மேல் ஸ்டெபிலைசர் எஃபெக்ட் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இதை மறந்தால் செய்த வேலை முழுவதும் வீண்.

அதற்குத்தான் ‘ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்’ இருக்கிறதே?

இருக்கிறது, வேகத்துக்கு மிக நல்ல வசதி. வலது கிளிக் செய்து, ‘இன்க்ளூட் வீடியோ எஃபெக்ட்ஸ்’ டிக் போட்டால் எஃபெக்ட்டோடு சேர்த்து ரெண்டர் செய்து அதே இடத்தில் மாற்றித் தரும். இரு பக்கமும் கூடுதல் ஃபிரேம் விடவும் வசதி உண்டு. பிளேபேக் திக்காமல் ஓடும்.

ஆனால் ‘ரீஸ்டோர் அன்ரெண்டர்டு’ கொடுத்தால் பழைய கிளிப் எஃபெக்ட்டோடு திரும்பி வருகிறது. திரும்பி வர வேண்டுமென்றால் அதன் விவரம் புராஜெக்ட்டுக்குள் எங்கோ இருந்தாக வேண்டும். ஆகவே பிளேபேக் வேகத்துக்கு இதைப் பயன்படுத்துங்கள். ஃபைலின் எடையைக் குறைக்கத் தனியாக எக்ஸ்போர்ட் செய்வதே உறுதியான வழி.

எந்த கோடெக்கில் எடுப்பது? எவ்வளவு இடம் பிடிக்கும்?

ப்ரோரெஸ் 422 போதும். 2018 கடைசியிலிருந்து விண்டோஸ் பிரீமியரிலும் ப்ரோரெஸ் எழுதலாம். எச்டி, 25 ஃபிரேமுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 122 மெகாபிட். பத்து வினாடி ஷாட் சுமார் 150 எம்பி. யுஎச்டி 4கே என்றால் வினாடிக்கு 492 மெகாபிட், அதே பத்து வினாடி 600 எம்பியைத் தாண்டும். இதே வகைக் கோடெக்கான டிஎன்எக்ஸ்எச்ஆர் பழகியவர்கள் அதையே தொடரலாம். எச்.264 வேண்டாம். ஏற்கெனவே சுருக்கி எடுத்த படத்தை இன்னொருமுறை சுருக்கியபின் கலர் செய்தால் குறை பளிச்சென்று தெரியும்.

எம்பி கணக்கில் இருந்த புராஜெக்ட் சுமையை ஜிபி கணக்கில் வீடியோவாக மாற்றுகிறோமே என்று தோன்றலாம். வீடியோ ஃபைலை பிரீமியர் தேவைப்படும் இடத்தில் மட்டும் படிக்கும். புராஜெக்ட் ஃபைலை ஒவ்வொரு முறையும் முழுதாகப் படித்து முழுதாக எழுதும். 1 ஜிபி வீடியோ யாருக்கும் பாரமில்லை, 1 ஜிபி புராஜெக்ட் ஃபைலோ வேலையையே நிறுத்திவிடும்.

ஸ்லோமோஷன் ஷாட்டில் எஃபெக்ட் போட்டால் பிழை காட்டுகிறது. நெஸ்ட் செய்யச் சொல்கிறார்கள், அதனால் ஃபைல் கூடுமா?

ஒரே கிளிப்பில் ஸ்பீடு மாற்றமும் வார்ப் ஸ்டெபிலைசரும் சேர்ந்து வேலை செய்யாது. கிளிப்பின் அளவும் சீக்வென்ஸின் அளவும் வேறுபட்டாலும் இதே தகராறுதான். நெஸ்ட் செய்தால் இரண்டும் தீரும். நெஸ்ட் செய்வதாலேயே ஃபைல் கூடாது, ஆராயப்படும் நீளம்தான் கணக்கு. உள்ளே முழு கிளிப்பையும் வைத்து அதன்மேல் எஃபெக்ட் போட்டுவிட்டு, வெளியே நெஸ்ட்டை மூன்று வினாடிக்கு வெட்டினால், உள்ளே முழு நீளத்தின் ஆய்வும் அப்படியே உட்கார்ந்திருக்கும். முன்பு சொன்ன தனி புராஜெக்ட் முறையில் போனால், ஸ்டெபிலைஸ் ஆன ஃபைலை வெளியே எடுத்தபின் அதன்மேல் ஸ்பீடு மாற்றலாம், நெஸ்ட்டே தேவைப்படாது.

மீடியா கேச்சை அழித்தால்? ‘ரிமூவ் அன்யூஸ்டு’ கொடுத்தால்?

மீடியா கேச் வேறு விஷயம். அங்கே ஆடியோ அலைவடிவம், இண்டெக்ஸ் போன்றவை இருக்கும். அழித்தால் புராஜெக்ட் ஃபைலில் ஒரு பைட்கூட மாறாது. ‘ரிமூவ் அன்யூஸ்டு’ எந்த சீக்வென்ஸிலும் பயன்படாத கிளிப்புகளைப் பேனலிலிருந்து எடுக்கும். ஸ்டெபிலைசர் விவரம் சீக்வென்ஸுக்குள் இருப்பதால் அதைத் தொடாது.

ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. நாளைக்கு டெலிவரி. என்ன செய்வது?

பதற்றத்தில் அதே ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறக்க முயலாதீர்கள். முதலில் அதை அப்படியே இன்னொரு டிரைவுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

புதிதாக வெற்று புராஜெக்ட் ஒன்றைத் திறந்து, ‘இம்போர்ட்’ வழியாகப் பழைய புராஜெக்ட் ஃபைலைக் காட்டுங்கள். முழு புராஜெக்ட்டா, தேர்ந்தெடுத்த சீக்வென்ஸ் மட்டுமா என்று கேட்கும். சீக்வென்ஸ் மட்டும் என்று சொல்லி, டெலிவரிக்கான ஒன்றை மட்டும் எடுங்கள். அது வந்துவிட்டால் பழைய நகல்களின் சுமை எல்லாம் அங்கேயே நின்றுவிடும். மீடியா பிரவுசரில் புராஜெக்ட் ஃபைலுக்குள் நுழைந்து சீக்வென்ஸை இழுத்துவருவதும் இதே பலனைத் தரும். நினைவகம் குறைந்த கம்ப்யூட்டர் என்றால், கூடுதல் ரேம் உள்ள நண்பரின் கம்ப்யூட்டரில் இதைச் செய்து, லேசான புதிய ஃபைலை வாங்கிவரலாம். அதே பிரீமியர் பதிப்பு அங்கேயும் இருக்க வேண்டும், புதிய பதிப்பில் சேவ் செய்ததைப் பழையது திறக்காது.

அதுவும் நடக்கவில்லை என்றால் ஆட்டோசேவ் ஃபோல்டருக்குப் போங்கள். நகல்களை அளவு வாரியாக அடுக்கினால், எந்த நேரத்தில் ஃபைல் திடீரென்று தாவியது என்று கண்ணுக்குத் தெரியும். அந்தத் தாவலுக்கு முந்தைய நகலைத் திறந்து அங்கிருந்து தொடருங்கள். சில மணி நேர வேலை போகும், டெலிவரி பிழைக்கும்.

பெரிய படம், பல எடிட்டர்கள். அப்போது?

2020-ல் பிரீமியரில் வந்த ‘புரொடக்ஷன்ஸ்’ வசதி இதற்குப் பொருத்தம். ஒரே பெரிய புராஜெக்ட்டுக்குப் பதில், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல சிறிய புராஜெக்ட்டுகள். காட்சிக்கு ஒன்று, ஸ்டெபிலைஸ் வேலைக்கு ஒன்று என்று பிரித்தால், கனமான ஃபைல் அதைத் திறப்பவரை மட்டுமே தாமதப்படுத்தும்.

ஸ்டெபிலைசர் இல்லாமலும் ஃபைல் வீங்குமா?

வீங்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘3டி கேமரா டிராக்கர்’ இதே மாதிரிதான், ஆய்வு விவரம் புராஜெக்ட்டுக்குள் போகும். அதிலும் ‘டீடெய்ல்டு அனாலிசிஸ்’ உண்டு. உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்கும் ரோட்டோ பிரஷ்ஷை ‘ஃப்ரீஸ்’ செய்தாலும் அந்தத் தகவல் புராஜெக்ட்டோடு சேரும். மாஸ்க்கை டிராக் செய்தால் ஃபிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் வீதம் ஏறும். இவையெல்லாம் டைம்லைனில் தெரியும்படியாவது இருக்கும். கண்ணுக்கே தெரியாத இன்னொன்று, அடோபி ஃபைல்கள் ஒன்றிலிருந்து ஒன்று நகலாகி வரும்போது சேர்ந்துகொண்டே போகும் மெட்டாடேட்டா வரலாறு. கைமாறிக் கைமாறி வரும் டெம்ப்ளேட்டுகளில் இது அதிகம்.

வேறு மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லையா?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். டாவின்சி ரிசால்வ் புராஜெக்ட்டை டேட்டாபேஸில் வைக்கிறது, ஃபைனல் கட் ப்ரோ லைப்ரரிக்குள் வைக்கிறது. ஆய்வு விவரம் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும்?

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, கட்டளை வரியில் ஓடும் வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் ‘விட்ஸ்டேப்’ என்ற ஸ்டெபிலைசர் செய்வது. முதல் ஓட்டத்தில் ஷாட்டை ஆராய்ந்து அசைவு விவரத்தைத் தனி ஃபைலில் எழுதும். இரண்டாம் ஓட்டத்தில் அந்த ஃபைலைப் படித்து நிலைப்படுத்தும். வேண்டாமென்றால் அந்த ஃபைலை அழித்துவிடலாம், எடிட் புராஜெக்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இலவசம் வேறு. கட்டளை வரி பழகாதவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

கேமராவில் கைரோ தகவல் பதிவாகியிருந்தால் ‘கைரோஃப்ளோ’ என்ற மென்பொருள் அதைவிட மேல். கோப்ரோ, இன்ஸ்டா360, சோனியின் பல கேமராக்கள் இந்தத் தகவலை வீடியோவோடு சேர்த்தே எழுதுகின்றன. கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்பது சென்சாரிலிருந்தே கிடைப்பதால் படத்தில் புள்ளிகளைத் துரத்த வேண்டிய அவசியமில்லை. அட்சதை பறந்தாலும், யாராவது குறுக்கே நடந்தாலும் கணக்கு கலையாது. இதுவும் இலவசம், ஓபன் சோர்ஸ்.

எடுக்கும்போதே கவனித்தால் எடிட்டில் தப்பிக்கலாமா?

பெருமளவு தப்பிக்கலாம். கேமராக்காரரிடம் எடிட்டர் கேட்டுக்கொள்ள வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, ஸ்டெபிலைஸ் ஆகும் என்று தெரிந்த ஷாட்டைக் கொஞ்சம் தளர்வாக ஃபிரேம் வைப்பது. ஓரங்கள் வெட்டுப்படும்போது தலை போகாமல் இருக்கும். இரண்டு, ஓடி ஓடி எடுக்கும் ஷாட்டில் ஷட்டர் வேகத்தை வழக்கமான 1/50-ஐவிடக் கூட்டுவது. எஃபெக்ட் ஆட்டத்தை எடுக்கும், ஆட்டத்தால் ஏற்பட்ட மங்கலை எடுக்காது. அசையாமல் நிற்கும் படத்தில் திடீர் திடீரென்று மங்கல் வந்து போவது ஆட்டத்தைவிடக் கண்ணை உறுத்தும்.

எல்லா ஆட்டத்தையும் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மாப்பிள்ளை அழைப்பில் தவிலுக்கு நடுவே புகுந்து எடுத்த ஷாட் ஆடத்தான் செய்யும், அந்த ஆட்டம் அங்கே அழகு.

வேலை முடிந்து ஆவணப்படுத்தும்போது எதை வைத்துக்கொள்வது?

மூல ஃபுட்டேஜ், முதன்மை புராஜெக்ட், ஸ்டெபிலைஸ் ஆன வீடியோ ஃபைல்கள் மூன்றும் கட்டாயம். ஸ்டெபிலைஸ் புராஜெக்ட்டையும் வைத்துக்கொள்ளலாம், கனமாக இருந்தாலும் யாரும் அதைத் தினமும் திறக்கப்போவதில்லை. ஆட்டோசேவ் நகல்களில் கடைசி இரண்டு மூன்றை விட்டு மற்றவற்றை அழித்துவிடலாம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் என்ன ஸ்மூத்னெஸ், என்ன மெதட் வைத்தீர்கள் என்று ஒரு சின்ன எழுத்து ஃபைலில் குறித்து அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். வேறு பதிப்பிலோ வேறு மென்பொருளிலோ மறுபடி செய்ய நேர்ந்தால் அந்தக் குறிப்பை வைத்தே தொடங்கலாம்.